பெயரற்றவளும் வெண்ணிலாவும்: சுசீந்திரனின் கபடித் திரைப்படங்களில் ஆண் அணியின் பண்பாடு

ஆய்வுச் சுருக்கம்

சுசீந்திரன் இயக்கிய 'வெண்ணிலா கபடிகுழு' (2009), 'கென்னடி கிளப்' (2019) ஆகிய திரைப்படங்கள் திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரக் கபடி வாழ்வைக் களமாகக் கொண்டவை. முன்னது ஆண்கள் அணியைப் பற்றியது; பின்னது பெண்கள் அணியைப் பற்றியது. சாதி எல்லையைக் கடக்கும் தோழமையாக ஆண் அணியை உயர்த்திக் காட்டும் முதற்படம், ஒரு பெண்ணுக்கு ஒரு சாவு தெரியாமலே முடிகிறது. இந்த மறைப்பை வெறும் கதை உத்தியாகக் கொள்ள இயலாது. ஆண் அணி என்னும் அமைப்பின் இயல்பிலிருந்தே அது பிறக்கிறது. பெண்களைப் பற்றிய இரண்டாம் படத்திலும் அவ்வியல்பு வேறு உருவில் தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கபடி, ஆண்மை, அணிப் பண்பாடு, சுசீந்திரன், திண்டுக்கல், ஒப்பாரி, திரைப்படத் திறனாய்வு

சுவரொட்டியில் ஒரு பெண்பெயர்

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையில் திருவிழாக் காலத்தில் பயணம் செய்பவர், 'மாபெரும் கபடிப் போட்டி' என்னும் சுவரொட்டிகளைத் தவறாமல் காண்பார். முதற்பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், வீரர்களுக்கு உணவு வழங்குபவர், விழாக் குழுவினர் என்று படங்களும் பெயர்களும் நெருக்கியடித்து நிற்கும். அவற்றுள் பெண்பெயர் ஒன்று உறுதியாக இருக்கும். அது எல்லாவற்றுக்கும் மேலே அச்சிடப்பட்ட அம்மனின் பெயர். காளியம்மன் அல்லது மாரியம்மன் திருவிழாவை முன்னிட்டே போட்டி நடக்கிறது. அம்மனின் பெயரால் நடக்கும் ஆட்டத்தில் மானிடப் பெண்ணின் இடம் களத்தைச் சுற்றிய கூட்டத்தின் ஓரம். ஆண்கள் மட்டுமே கூடி அமைத்த ஓர் அணி பெண்ணை எவ்வாறு கருதுகிறது என்னும் கேள்விக்கு இச்சுவரொட்டியே ஒரு தொடக்க விடை தருகிறது. பெண் அங்கே இல்லாமலில்லை. தலைப்பாக இருக்கிறாள், உறுப்பினராக இல்லை.

இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரான சுசீந்திரன் தமது முதற்படத்திற்கு வைத்த பெயரிலும் இதே அமைப்பைக் காண முடிகிறது. ஆண்கள் எழுவர் ஆடும் அணிக்குப் பெயர் 'வெண்ணிலா'. நிலவைக் குறிக்கும் அச்சொல் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் பெண்பெயருமாகும். ஆனால் அந்த அணியின் நாயகன் காதலிக்கும் பெண்ணுக்குப் படம் முடியும்வரை பெயரில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் அவர் பெண்கள் கபடி அணியைப் பற்றிப் படம் எடுத்தபோது, அந்த அணி ஏற்றது ஓர் ஆணின் பெயரை: 'கென்னடி'. ஆண்கள் அணிக்குப் பெண்பெயர், பெண்கள் அணிக்கு ஆண்பெயர், காதலிக்குப் பெயரே இல்லை. இயக்குநர் இதனைத் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. திட்டமிடாமல் நேர்ந்திருந்தால் அது இன்னும் கவனத்திற்குரியது.

அணி என்னும் அமைப்பு

2009 சனவரியில் வெளிவந்த 'வெண்ணிலா கபடிகுழு', பாஸ்கர் சக்தியின் உரையாடலாலும் புதுமுகங்களின் இயல்பான நடிப்பாலும் மண்மணம் மிக்க படம் என்று பாராட்டப்பட்டது. பழனிக்கருகே உள்ள சிற்றூரொன்றின் இளைஞர்கள் கபடியில் பேரார்வம் கொண்டவர்கள். ஆனால் தொடர்ந்து தோற்பவர்கள். மாரிமுத்து (விஷ்ணு விஷால்) தாயோடு வாழும் உழைப்பாளி. ஒடுக்கப்பட்ட பின்னணி உடையவன் என்பதைப் படம் உரக்கச் சொல்லாமல் உணர்த்துகிறது. மதுரையில் நடைபெறும் பெரிய போட்டியொன்றில் ஆடும் வாய்ப்பு எதிர்பாராமல் அமைகிறது. பயிற்சியாளர் ஒருவர் (கிஷோர்) அவர்களை உருவாக்குகிறார். அணி வெல்கிறது, மாரிமுத்து களத்திலேயே இறக்கிறான்.

இப்படத்தின் அரசியல் ஆற்றல் முழுவதும் 'தொடுதல்' என்னும் செயலில் அடங்கியிருக்கிறது. கபடி தொட்டு ஆடும் ஆட்டம். பாடிவருபவன் எதிரணியினரைத் தொட வேண்டும். எதிரணியினர் அவனைப் பிடித்து அமுக்க வேண்டும். தீண்டாமை நிலவும் ஊரில் இந்த விதி எளிய விதியன்று. வரப்பில் ஒதுங்கி நடக்க வேண்டியவன், கோட்டுக்குள் வந்துவிட்டால் எவரையும் தொடலாம். எவரும் அவனது காலைக் கட்டிப் பிடிக்கலாம். கிரிக்கெட்டைப் பற்றிய படத்தில் இதே வீச்சு அமைந்திருக்குமா என்பது ஐயமே. சுசீந்திரன் இதனை நன்கு அறிந்திருக்கிறார். வியர்வையும் மண்ணும் கலந்து கிடக்கும் உடல்களுக்கிடையில் சாதி பொருளிழக்கும் தருணங்களைப் படம் மிகையின்றிக் காட்டுகிறது.

இந்தத் தோழமை எதன்மீது கட்டப்படுகிறது? ஆண்களுக்கிடையிலான பிணைப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணை நடுவில் வைத்தே உறுதிப்படுகிறது என்று ஈவ் செட்ஜ்விக் 1985இல் ஆங்கில இலக்கியத்தை முன்வைத்து வாதிட்டார். நிறுவனங்கள் பால்சார்பற்றவையாகத் தோன்றினாலும் அவை எதிர்பார்க்கும் 'உறுப்பினர்', வீட்டுப் பொறுப்புகளைப் பிறரிடம் விட்டுவந்த ஓர் ஆண் உடலே என்று ஜோன் ஆக்கர் 1990இல் காட்டினார். இவ்விரு கருத்துகளும் அலுவலகத்துக்கும் நாவலுக்கும் மட்டுமல்ல, ஊர்க் கபடிக் குழுவுக்கும் பொருந்துகின்றன. மாலையில் ஆடுகளத்துக்கு வரும் எழுவருக்கும் வீட்டில் சோறு வைத்திருப்பது ஒரு பெண். புகழ்பெற்ற பரோட்டாக் காட்சியை இந்த நோக்கில் மீண்டும் பார்க்கலாம். ஐம்பது பரோட்டா தின்னும் பந்தயத்தில் கடைக்காரர் கணக்கில் ஏமாற்ற முயல, சூரி ஏற்ற பாத்திரம் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறது. தமிழ்த் திரை நகைச்சுவையில் நிலைத்துவிட்ட காட்சி அது. சூரிக்கு 'பரோட்டா' என்னும் அடைமொழியையும் தந்தது. களத்தில் எடுக்க முடியாத புள்ளிகளைச் சுவரில் கோடுகளாக எடுக்கும் ஓர் ஆணின் பசி, சுற்றி நிற்கும் ஆண்களின் ஆரவாரத்தில் வீரமாக மாறுகிறது. அதே ஊரில் ஒரு பெண் தன் பசியை இவ்வாறு பொதுவிடத்தில் அரங்கேற்ற முடியுமா என்று கேட்டால் காட்சியின் பால்தன்மை விளங்கும். நகைச்சுவையைக் கெடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அக்காட்சி இன்றும் சிரிக்க வைக்கிறது.

தோல்விக்கும் ஒரு பால்மொழி உண்டு. தோற்றுத் திரும்பும் அணியை நம் ஊர்கள் வரவேற்கும் கேலிச்சொற்கள் எவை? சேலை கட்டிக்கொள், வளையல் போட்டுக்கொள், பொட்டைப் பயல்கள். ஆண் அணியில் பெண் உறுப்பினராக இல்லை; ஆனால் தோல்வியின் பெயராக எப்போதும் உடனிருக்கிறாள். அணிக்குள் சாதி குறித்த வசை தவறெனக் கண்டிக்கப்படும் சூழலில்கூட இந்த வசை வசையாகவே கருதப்படுவதில்லை. வெண்ணிலா அணியின் தோழமை ஓர் எல்லையைக் கடக்கிறது, மற்றோர் எல்லையைத் தொடுவதே இல்லை எனும்போது நாம் குறிப்பது இதைத்தான்.

சொல்லப்படாத சாவு

திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் பெண் (சரண்யா மோகன்) மாரிமுத்துவைக் காண்கிறாள். பார்வையும் சிறுசிறு உரையாடல்களுமாக வளரும் காதலில் இருவரும் பெயரைப் பகிர்ந்துகொள்வதில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் சந்திப்போம் என்னும் நம்பிக்கையோடு பிரிகிறார்கள். இக்காதல் காட்சிகள் படத்தின் மிக மென்மையான பகுதிகள். ஆண்டு கழிந்து அவள் வருகிறாள். கூட்டத்தில் அவனைத் தேடுகிறாள். அவன் இறந்தது அணிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், பார்வையாளர்களாகிய நமக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த அறியாமையிலேயே படம் அவளை விட்டுவிடுகிறது.

இம்முடிவு கலங்க வைப்பது. திரையரங்கில் கண்ணீரை வரவழைத்த இம்முடிவே படத்தின் சிறப்பு என்று பலரும் கருதுவர். அந்தக் கண்ணீர் யாருடையது என்பதே எமது கேள்வி. துயரம் முழுவதும் நண்பர்களிடம் இருக்கிறது. இழப்புக்குரியவளிடம் இழப்பு என்னும் செய்திகூட இல்லை. அவள் அழுவதற்காக அங்கு இல்லை. அவளைப் பார்த்து ஆண்கள் அழுவதற்காக இருக்கிறாள்.

தமிழ் மரபில் சாவின்மீது பெண்ணுக்கு ஓர் உரிமை உண்டு. பொதுவெளியில் பேசும் உரிமை மறுக்கப்பட்ட பெண்ணும் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கலாம். இறந்தவனைப் புகழலாம், ஏசலாம், உறவினரின் துரோகங்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். இன்னும் பழைய சான்று புறநானூற்றில் இருக்கிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடலில் (புறம். 278) மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட முதியவள், அச்சொல்லை நம்பி வீட்டில் இருந்துவிடவில்லை. வாளோடு களத்துக்கே சென்று, கிடக்கும் உடல்களைப் புரட்டி, மகனின் உடலைத் தன் கண்ணால் கண்டு உண்மையை அறிகிறாள். அப்பாடல் போற்றும் வீர அறத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே களம் பெண்ணுக்கு மூடப்பட்டதாக இல்லை. ஆணின் சாவைப் பற்றிய தீர்ப்பு அவளுடையது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த மாரிமுத்துவின் காதலிக்கு அந்த உரிமை இல்லை. தாய் அழலாம். பெயரில்லாதவள் எந்த உறவைச் சொல்லி அழுவாள்? பெயர் கேட்காத காதலின் அழகு இங்கே தன் விலையைக் கேட்கிறது. தொடக்கத்தில் கவித்துவமாகத் தோன்றிய பெயரின்மை, முடிவில் அவளைத் துயரத்திலிருந்தே விலக்கும் கருவியாகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அவளிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? சாதி கடந்த காதல் ஊரறிய வெளிப்பட்டால் அவளுடைய உயிருக்கும் வாழ்வுக்கும் தீங்கு நேரலாம். மேற்குத் தமிழக ஊர்களின் சூழலை அறிந்த எவரும் இதனைப் புறந்தள்ள இயலாது. நண்பர்களின் மௌனத்தைக் கருணை எனக் கொள்ளலாம். இம்மறுப்பில் உண்மை இருப்பதாகவே கருதுகிறேன். ஆனால் அந்தக் கருணை செயல்படும் முறையைக் கவனிக்க வேண்டும். எதை அவள் அறிய வேண்டும், எதை அறியக்கூடாது என்பது அணிக்குள்ளேயே முடிவாகிறது. அவளைக் கேட்டு முடிவாவதில்லை. களத்தில் ஒருவரையொருவர் காக்கும் அதே ஒற்றுமை, களத்துக்கு வெளியே ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றிய முடிவை அவளுக்குப் பதிலாக எடுக்கிறது. ஆண் அணிகளின் பண்பாட்டை ஆராய்வோர் இழிசொல்லையும் வன்முறையையும் மட்டும் சான்றாகத் தேடுவதுண்டு. வெண்ணிலா அணியில் இழிவானவர் எவருமில்லை, எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களின் மௌனம் வழியாகவும் விலக்கல் நடைபெறும் என்பதை இப்படம் தன்னையறியாமல் பதிவுசெய்திருக்கிறது. அதனாலேயே இது முக்கியமான படம்.

'கில்லி'யோடு (2004) ஓர் ஒப்பீடு பயன் தரும். அங்கும் நாயகன் கபடி ஆட்டக்காரன். மதுரையிலிருந்து மீட்டுவரும் பெண்ணை ஒளித்துவைத்துக் காக்க அவனுடைய அணித் தோழர்களே உதவுகிறார்கள். ஆனால் அவளுக்குப் பெயருண்டு, குரலுண்டு, இறுதிப் போட்டியின் போக்கையே மாற்றும் இருப்பும் உண்டு. வணிகப்படம் என்று ஒதுக்கப்படும் ஒன்று, இயல்புவாதப் படம் தராத இடத்தை அளிக்கிறது. அந்த இடமும் ஊக்கம் தரும் பார்வையாளரின் இடமே. ஏறுதழுவலைக் காணும் முல்லைக்கலியின் ஆயமகள் தொட்டு இன்றுவரை அந்த இருக்கை மாறவில்லை.

கென்னடி கிளப்: அணி மாறியது, நாற்காலி மாறவில்லை

2009இல் பெண்கள் கபடி ஆசிய விளையாட்டில் இல்லை. ஆண்கள் கபடி 1990 பெய்ஜிங்கிலேயே இடம்பெற்றுவிட, பெண்கள் இருபதாண்டுகள் காத்திருந்து 2010 குவாங்சோவில்தான் களம் கண்டனர். ஆகவே முதற்படத்தில் பெண் ஆட்டக்காரர் இல்லை என்பதைக் குறையாகச் சொல்வது பொருந்தாது. 2019 ஆகஸ்டில் 'கென்னடி கிளப்' வெளிவந்தபோது சூழல் மாறிவிட்டது. இந்தியப் பெண்கள் 2010, 2014 ஆகிய இரு ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றிருந்தனர். 2014இல் தொடங்கிய புரோ கபடி ஆண்களுக்கு வருமானமும் புகழும் தர, பெண்களுக்கு 2016இல் மூன்றே அணிகளைக் கொண்ட ஒரு தொடர் நடத்தப்பட்டு, அதோடு நின்றது.

இப்பின்னணியில் ஊரகப் பெண்கள் அணியொன்றை மையமாக்கத் துணிந்தமைக்காக இயக்குநரைப் பாராட்ட வேண்டும். கபடி ஆடிப் பழகிய பெண்களையே பலரும் ஏற்ற பாத்திரங்களில் நடிக்க வைத்ததால் ஆட்டக் காட்சிகளில் போலித்தனம் இல்லை. பாடிவருபவரின் கணுக்காலை நோக்கிப் பாயும் உடலைக் கேமரா உடலழகாகக் காணாமல் ஆட்டத் திறனாகக் காண்கிறது. பாடல் காட்சிகளில் பழகிய தமிழ்த் திரைக் கண்ணுக்கு இது எளிதில் வாய்ப்பதன்று. கால்சட்டை அணிந்து பலர்முன் ஆடுவதற்கு வீட்டில் எழும் எதிர்ப்பு, வறுமை, வேலை வாய்ப்பு குறித்த ஏக்கம் ஆகியவையும் பதிவாகின்றன. கபடி இப்பெண்களுக்குப் பொழுதுபோக்கு ஆகாது. ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலைக்கான வழி அது.

ஆனால் முடிவெடுக்கும் நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர் யார்? சங்கத்தை நடத்துபவர் முன்னாள் இராணுவ வீரர் சவரிமுத்து (பாரதிராஜா). அவருக்குப் பின் பொறுப்பேற்பவர் அவருடைய மாணவர் முருகானந்தம் (சசிகுமார்). தேசிய அணியில் இடம்தரப் பணம் கேட்கும் தேர்வாளரும் ஆண் (முரளி சர்மா). படத்தின் உண்மையான போட்டி, நேர்மையான ஆணுக்கும் ஊழல்பட்ட ஆணுக்கும் இடையில் நடக்கிறது. அப்போட்டியின் புள்ளிகளைப் பெண்கள் எடுத்துத் தருகிறார்கள். முதற்படத்தில் ஆண்களின் தோழமைக்கு ஒரு பெண்ணின் அறியாமை தேவைப்பட்டது. இங்கே ஆண்களின் அறப்போருக்குப் பெண்களின் திறமை தேவைப்படுகிறது. இது முன்னேற்றமே. ஆயினும் அமைப்பு மாறவில்லை.

உண்மையில் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண்தானே, படம் உள்ளதைக் காட்டுகிறது என்று கூறலாம். நடப்பியல் இதைவிட வியப்பானது. படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்களை 27-24 என ஈரான் வென்றது. அந்த ஈரான் அணியைப் பயிற்றுவித்தவர் ஷைலஜா ஜெயின் என்னும் மகாராட்டிரப் பெண். தமிழ்நாட்டிலும் கவிதா செல்வராஜ் போன்றோர் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராக உயர்ந்துள்ளனர். பெண் பயிற்சியாளர் கற்பனைக்கு எட்டாதவர் அல்லர், திரைக்கதைக்குத்தான் எட்டவில்லை. 'இறுதிச்சுற்று' (2016), 'கனா' (2018), 'பிகில்' (2019) என அதே காலத்தில் பெண் விளையாட்டை முன்னிறுத்திய தமிழ்ப் படங்கள் அனைத்திலும் வழிகாட்டி ஆண்தான். 'இறுதிச்சுற்று' ஒரு பெண் இயக்கியது என்பதையும் மறக்கலாகாது. தந்தையும் ஆசானும் ஒன்றாகிய ஆண் அனுமதித்தால்தான் பெண் ஆடலாம் என்னும் நிலை, சுவரொட்டியின் விழாக் குழுவினரை நினைவூட்டுகிறது.

ஆட்ட விதிகளும் இங்குக் கருதத்தக்கவை. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கு 12 மீட்டரும் 8 மீட்டரும். ஆண்கள் 40 நிமிடம் ஆடுவர்; பெண்கள் 30 நிமிடம். பெண்ணுடல் குறைவாகத் தாங்கும் என்னும் முன்முடிவு கோடுகளாகவே வரையப்பட்டிருக்கிறது. நாற்று நடவிலும் நூற்பாலையிலும் பெண்ணின் வேலைநேரத்தை இவ்வாறு குறைக்க எவரும் முன்வரவில்லை என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர் அறிவர்.

தீர்ப்புச் சொல்லும் பெண்

கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவள், பயிற்சியாளரின் கீழ் ஆடுபவள் ஆகிய இரு இடங்களைத் தாண்டி, களத்தின் நடுவில் நின்று ஆண்களின் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்பவள் என்னும் மூன்றாம் இடமொன்று உண்டு. வெண்ணிலா அணி ஆடிய உலகில் அவள் இல்லை. கபடிக்கு வெளியே, இதே மாவட்டத்தின் பெயர் தாங்கிய ஓர் அணியின் ஆட்டத்தில் அவளைக் கண்டோம். 2025 சூன் 8 அன்று கோவையில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியில், திண்டுக்கல் டிராகன்ஸ் அணித்தலைவரைப் பெண் நடுவர் ஒருவர் எல்பிடபிள்யூ முறையில் ஆட்டமிழந்ததாக அறிவித்தார். அவர் வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டினார். நடுவரின் முடிவை எதிர்த்ததற்கும் ஆட்டக் கருவிகளைத் தவறாகக் கையாண்டதற்கும் போட்டி ஊதியத்தில் 30 விழுக்காடு அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்பளித்தவர் பெண் என்பதால்தான் அந்த எதிர்ப்பு எழுந்தது என்பதற்குச் சான்றில்லை. அவ்வாறு கூறுவது பிழை. இந்நிகழ்வில் எமக்கு முக்கியமானது வேறு. ஆண்கள் அணியின் களத்தில் ஒரு பெண்ணின் சொல் முடிவானதாக நின்றது. அதனை மதிக்காதபோது விதி அவர் பக்கம் நின்றது. அதற்கு எவருடைய கருணையும் தேவைப்படவில்லை.

அண்மைக்காலத் தமிழ்ப்படங்களில் அசைவுகள் தென்படுகின்றன. 'லப்பர் பந்து' (2024) படத்தில் யசோதை, கணவனின் கிரிக்கெட் களத்துக்குள் டிராக்டரை ஓட்டிவந்து உழுதுவிடுகிறாள். ஆண்களின் ஆட்டத்துக்கு வீட்டில் யார் விலைகொடுக்கிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி வேறில்லை. மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' (2025), கபடியையும் சாதியையும் சுசீந்திரன் தொட்ட இடத்திலிருந்து வெகுதொலைவு கொண்டு செல்கிறது. பெண்களுக்கு அங்கும் துணைநிற்கும் இடமே. அப்படம் வெளியான அதே அக்டோபரில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியச் சிறுமியர் கபடி அணியில் ஆடினார்.

'வெண்ணிலா கபடிகுழு'வின் இரண்டாம் பாகம் வேறோர் இயக்குநரால் 2019இல், 'கென்னடி கிளப்' வெளிவந்த அதே ஆண்டில் வந்தது. விடுபட்டதைத் தொடர வாய்ப்பிருந்த அப்படம் எடுத்துக்கொண்டது ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையில் கபடி கைமாறும் கதையை. திருவிழாக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தவளிடம் யாரும் திரும்பிச் செல்லவில்லை.